நான்கு நிமிடப் படம்

"மூடியக் கழட்டிட்டியாண்ணா? போன தடவ மாதிரி நாலு நிமிஷம் வெறும் இருட்டப் படம் புடிக்காத."

சொல்லிச் சிரித்துவிட்டுத் தம்பி மரப்பாலத்தைக் கடந்து, அருவியை ஒட்டிய பாறை மேடைக்குப் போனான். தேசியப் பூங்கா அலுவலகத்துக்காக நாங்கள் இருவரும் மலைப்பாதைகளைப் படமெடுத்துவந்தோம். அருவியின் உயரம் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் எப்போதும் அவன்தான்.

தண்ணீர் பனிபோல விழ வேண்டுமென்றால், லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டு நான்கு நிமிடம் திறந்து வைக்க வேண்டும். அதுவரை அவன் அசையக் கூடாது. பாலத்தில் நிற்கும் நானும் அசையக் கூடாது. ஓர் அடி எடுத்து வைத்தாலும் பலகை அதிர்ந்து படம் கலைந்துவிடும். கேமராவில் சாரல் படாமலிருக்கக் குடையைத் தாழ்த்திப் பிடித்திருப்பேன். எனக்குத் தெரிவதெல்லாம் குடைத்துணியும் கைக்கடிகாரமும்தான். அது தெரிந்தே அவன் வம்புக்கு இழுப்பான். "அண்ணா, பின்னால கரடி!" நான் அசைந்தால் தோற்றேன், ட்ரைபாடை நானே சுமந்து இறங்க வேண்டும். பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் தோற்றதில்லை.

அன்று இரண்டு நிமிடம் பத்து வினாடியில் "அண்ணா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. இன்றைக்குக் கரடி வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். நேரம் முடிந்து குடையை விலக்கினேன். மேடையில் யாருமில்லை.

மறுநாள் மதியம் வனக்காவலர்கள் அவனை ஓடையில் கண்டெடுத்தார்கள். "எதாவது சத்தம் கேட்டுதா சார்?" என்றார் அவர்களில் மூத்தவர்.

"அருவி இரைச்சல்ல ஒண்ணுமே கேக்கல" என்றேன். படம் சாரலில் கெட்டுவிட்டது என்றும் சொன்னேன்.

படம் கெடவில்லை. அத்தனை நேரம் திறந்திருக்கும் லென்ஸில் நடந்து போகிறவர் பதியமாட்டார், நின்றவர்தான் பதிவார். மேடையில் தம்பி நிற்கிறான். அவன் சட்டை வழியாகப் பின்னாலிருக்கும் பாறை தெரிகிறது. மேடையின் விளிம்பில், பாசிக்குக் கீழே, அவனே இன்னொரு தடவை இருக்கிறான். தலை, இரண்டு முன்கைகள், இன்னும் வெளிறி. அப்படிப் பதிய ஒரு நிமிடமாவது அங்கே அசையாமல் தொங்கியிருக்க வேண்டும், நான் மூடும்வரை பொறுத்திருப்பவன்போல. பாலத்திலிருந்து மேடைக்கு இருபது காலடி தூரம்.

அதற்குப் பிறகு வேறு காடுகளில், பட்டப்பகலில், தண்ணீரே இல்லாத புல்வெளிகளில் அந்தக் கண்ணாடியைப் போட்டிருக்கிறேன். இரண்டு நிமிடம் பத்து வினாடி. "அண்ணா." மூன்றாவது இடத்தோடு வேலையை விட்டுவிட்டேன்.

தம்பி மனைவி அழுது தீர்த்தபிறகும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒரு சத்தம்கூடவா கேக்கல மாமா?" ஒவ்வொரு முறையும் இல்லை என்றேன். வருடம் திரும்பியதும், "என்னை அங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

போனோம். மேடையின் விளிம்பில் இப்போது கயிறு கட்டியிருந்தார்கள்.

"நீங்க பாலத்துலயே நில்லுங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் கயிறுவரை நடந்தாள். எனக்கு முதுகைக் காட்டி, அருவியைப் பார்த்து நின்றாள். அப்புறம் கூப்பிட்டாள். கத்தவில்லை, அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல.

திரும்பி வந்தாள்.

"கேட்டுச்சா?"

குடையும் இல்லை, கடிகாரமும் இல்லை. "கேட்டுச்சும்மா."

"அன்னிக்கு?"

"ரெண்டு தடவ. விளையாடுறான்னு நெனச்சேன். படமும் கெடல. என்கிட்டதான் இருக்கு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வீட்டுக்குப் போனதும் குடுத்துருங்க" என்றாள். எனக்கு முன்னால் இறங்கிப் போனாள், பாதையோரக் கைப்பிடியைப் பற்றாமல்.

அதே மாதம்தான். தண்ணீரும் அன்றைக்கு விழுந்த அளவே விழுந்துகொண்டிருந்தது. மேடையிலிருந்து கூப்பிட்டால் பாலத்தில் கேட்கிறது.