மேரி எலினோர் கப்பலில் வந்தவள்

தம்பியின் வெள்ளைக் கையுறைகளுக்குக் கஞ்சி போடும்போதெல்லாம் கெசியாவுக்குச் சிரிப்பு வரும். அந்தக் கைகள் கோப்பையைப் பிடித்திருக்கின்றன, பேனாவைப் பிடித்திருக்கின்றன, பெரிய மனிதர்களின் கைகளைக் குலுக்கியிருக்கின்றன. முப்பது வருடப் போலீஸ் உத்தியோகத்தில் வேறெதையும் பிடித்ததில்லை.

லாம்பர்ட் போகாக் இப்போது தாஸ்மானியத் தீவு முழுவதற்கும் போலீஸ் தலைவன். அவன் குதிரைவண்டி வந்தால் ஹோபார்ட் துறைமுகத்து மீன்காரர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வழிப்பறிக்காரன் ஜெம் ஸ்டார்லிங்கை அவன் தனியாளாக மடக்கிய கதையை ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. உண்மையில் ஜெம் கடைவாய்ப் பல்வலி தாங்காமல் காட்டிலிருந்து இறங்கி, பல் பிடுங்கிக்கொள்ள நாவிதரிடம் வந்தவன். பக்கத்து நாற்காலியில் லாம்பர்ட் பாதி மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான். ரத்தம் ஒழுகும் வாயோடு ஜெம்தான் கேட்டிருக்கிறான்: "என்னைக் கூட்டிட்டுப் போப்பா. ஜெயில்ல கிராம்புத் தைலம் இருக்குமில்ல?" அந்த நாவிதரின் துண்டுகளைத் துவைப்பவள் கெசியா. அவளுக்குத் தெரியாததா?

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். மேலே இருந்தவர்களில் ஒருவர் குடித்தே செத்தார், ஒருவர் லஞ்சத்தில் மாட்டினார், ஒருவர் சம்சாரத்துக்குப் பயந்து இங்கிலாந்துக்கே கப்பலேறினார். காலியான நாற்காலி ஒவ்வொன்றிலும் இவன் உட்கார்ந்துகொண்டே போனான். தொப்பி எந்தச் சாய்வில் இருக்க வேண்டும் என்று பதினான்கு பக்கத்துக்கு உத்தரவு எழுதினான். ஓடைக்கரைச் சந்துகளில் ஞாயிற்றுக்கிழமை யாரும் பாடக்கூடாதென்று தடை போட்டான். அவன் பிறந்தது அந்தச் சந்துகளில் ஒன்றில்தான்.

வியாழக்கிழமை மதியம் அவன் சலவைக்கூடத்துக்கு நேரிலேயே வந்தான். ஆறு வருடமாகத் துணி எடுக்க ஆள்தான் வரும்.

"அக்கா" என்றான்.

"அடேயப்பா, ஞாபகம் இருக்கே! அந்த ஸ்டூல்ல உக்காராதே, ஈரம். தலைவர் கால்சட்டை நனைஞ்சா நாடு தாங்காது."

"விளையாடாதே. மகாராணிகிட்டேர்ந்து எனக்குப் பதக்கம் வருது. என் வாழ்க்கையை எழுத லண்டன் பத்திரிகைக்காரர் ஒருத்தர் வந்திருக்கார், வெதர்பின்னு பேரு. சனிக்கிழமை வீட்ல டீ. நீயும் வரணும். குடும்பத்தைப் பாக்கணும்கிறார்."

"துணி துவைக்கிற குடும்பத்தையா?"

"அதெல்லாம் நீ பேச வேண்டாம். செவ்வாய்க்கிழமை அம்மா கல்லறைக்கும் வர்றார். அதான்…" ஒரு தாளை எடுத்து நீட்டினான். "கல்லுல அந்த ரெண்டாவது வரியைக் கொத்தி எடுத்துடலாம். இடம் உன் பேர்ல இருக்கு. கையெழுத்துப் போட்டுச் சனிக்கிழமை கொண்டா. திங்கட்கிழமை கொத்தன் முடிச்சிடுவான்."

கல்லில் இருப்பது இரண்டே வரி. 'டார்கஸ் போகாக். மேரி எலினோர் கப்பலில் வந்தவள்.'

இங்கிலாந்து தன் கைதிகளை இந்தத் தீவுக்கு நாடுகடத்திய காலத்தில், பிரிஸ்டலில் ஒரு சால்வையைத் திருடியதற்காக ஏழு வருடத் தண்டனையோடு கைதிக் கப்பலில் வந்து இறங்கியவள் அவர்களுடைய அம்மா. பெண்கள் சிறையில் மூன்று டார்கஸ்கள் இருந்ததால் இவள் மேரி எலினோர் டார்கஸ் ஆனாள். விடுதலையாகி, கல்யாணமாகி, விதவையாகி, அதே பெயரோடுதான் ஊரார் துணியைத் துவைத்தாள். சாகும்போது சொன்னாள்: "கப்பல் பேரையும் போட்டுடுடீ. இல்லைன்னா நான் எந்த டார்கஸ்னு மேல இருக்கறவனுக்குத் தெரியாமப் போயிடும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"அம்மா ஒரு கேப்டனோட விதவை, சொந்தச் செலவுல வந்தவள்னு சொல்லிவெச்சிருக்கேன்" என்றான் லாம்பர்ட். "கப்பல் பேர் மட்டும் சொல்லலை."

"கையெழுத்துப் போட மாட்டேன்டா."

"நீ மட்டும் யோக்கியமா? போன வருஷம் புதுப் பாதிரியார் சம்சாரம், உங்கம்மா எந்தக் கப்பல்ல வந்தாங்கன்னு கேட்டப்ப என்ன சொன்னே? 'பேரு மறந்துபோச்சுங்க'ன்னு சொல்லலை? எனக்கு எல்லாம் தெரியும்."

முப்பது வருடத்தில் இவன் துப்புத் துலக்கிக் கண்டுபிடித்த ஒரே குற்றம் என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நினைப்பில் வழக்கமான சிரிப்பு வரவில்லை.

அவன் போன பிறகு இஸ்திரிப் பெட்டி கையிலேயே ஆறிப்போனது. ஏன் அப்படிச் சொன்னோம்? பாதிரியாரின் மனைவி மிரட்டவில்லை. இந்த ஊரில் நலமா என்று கேட்பதுபோல்தான் கப்பலையும் கேட்பார்கள். அன்று கெசியா புதுத்தொப்பி போட்டிருந்தாள், அவ்வளவுதான். அந்தத் தொப்பிக்கு அம்மாவின் கப்பல் பொருந்தவில்லை. தம்பியை ஏளனம் செய்துகொண்டிருந்ததில் ஒரு கதகதப்பு இருந்திருக்கிறது. அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால் தன்னைப் பார்க்கவே நேர்ந்ததில்லை. கொத்தனைக் கூப்பிடாமலேயே, வெறும் நாக்கால், அவள் அந்த வரியை எப்போதோ கொத்தி எடுத்துவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை டீக்குப் போனாள். தாள் கைப்பையில் மடித்தபடி இருந்தது. கையெழுத்துப் போட்டிருக்கவில்லை, கிழித்துப் போடவும் துணிவில்லை.

வரவேற்பறையில் மாஜிஸ்ட்ரேட்டும் கப்பல் வியாபாரிகளும் மனைவிமாருமாகப் பத்துப் பேர். வெதர்பி சிவந்த மூக்கும் சின்ன நோட்டுமாக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க தாயார் எந்தக் கப்பல்ல வந்தாங்கம்மா? உங்க தம்பிக்கு நினைவில்லையாம்."

கோப்பைகள் நின்றன. லாம்பர்ட் அவளைப் பார்த்து, வேண்டாமென்று மெல்லத் தலையை ஆட்டினான். மறந்துபோச்சு என்று சொன்னால் போதும். ஏற்கெனவே பழகிய வாக்கியம்.

"மேரி எலினோர்" என்றாள். தொண்டையில் கேக் துணுக்கு அடைத்துச் சரியாகக் கேட்கவில்லை. இருமிவிட்டு மறுபடி சொன்னாள். "மேரி எலினோருங்க."

பத்துப் பேரும் தங்கள் கேக்கைப் பார்த்தார்கள். அது என்ன கப்பல் என்று அத்தனை பேருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் ஒருவருக்கும் வாயில்லை. மாஜிஸ்ட்ரேட்டின் மாமியாரே அதில் வந்தவள்தான்.

"எவ்வளவு அழகான பேரு!" என்று வெதர்பி எழுதிக்கொண்டார். "நல்ல கப்பலா?"

"வந்தவங்க யாரும் திரும்பிப் போகலைங்க."

"பிரமாதம்!" என்று அதையும் எழுதிக்கொண்டார். "திங்கட்கிழமையே லண்டனுக்குத் தபால்ல அனுப்பறேன்."

மாஜிஸ்ட்ரேட் சர்க்கரை கேட்டார்.

வாசல்வரை வந்த லாம்பர்ட்டின் முகம் கஞ்சி போட்ட துணிபோல் விறைத்திருந்தது. "என்னைக் கொன்னுட்டியே, அக்கா."

"ஒண்ணும் ஆகாது. உனக்கு எப்பவுமே ஒண்ணும் ஆகாதுடா" என்று தாளை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். "லண்டன்ல அச்சாகப்போற பேரு. இனி நீ கல்லைத் தொட்டேன்னா, ஏன்னு அவரே கேட்பார்."

செவ்வாய்க்கிழமை கல்லறைக்கு முன் வெதர்பி குனிந்து கண்ணைச் சுருக்கினார். "ரெண்டாவது வரி பாசி மூடியிருக்கே. கொஞ்சம் துடைச்சுக் காட்டறீங்களா, தலைவரே?"

லாம்பர்ட் அக்காவைப் பார்த்தான். பிறகு மண்டியிட்டு, வெள்ளைக் கையுறையால் எழுத்து எழுத்தாகத் துடைத்தான்.

"தாயாருக்குத்தான் அந்தக் கப்பல் மேல என்ன பெருமை!"

"ஆமாங்க" என்றான் லாம்பர்ட். "ரொம்பப் பெருமைங்க."

எழுந்தபோது இரண்டு கையுறைகளும் பச்சையாகியிருந்தன. அந்தக் கைகள் முதல்முறையாக ஒரு வேலை செய்திருக்கின்றன என்று கெசியா நினைத்தாள்.

"துவைக்க அனுப்புடா" என்றாள். "ஆனா பாசிக்கறை முழுசாப் போகாது."