ஜவானின் கன்னக்குழி

என் கணவர் சாபிரின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. ஏழாயிரம்பண்ணையில் பொம்மைத் துப்பாக்கிக்கான ரோல் கேப் உலர்த்தும் அறை வெடித்த அன்று, உடலைச் சுற்றிய கபன் துணியைத் திறக்க வேண்டாம் என்று ஜமாத்துப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் போட்டோவும் கிடையாது. உருவம் இருக்கும் வீட்டுக்குள் மலக்குகள், அல்லாஹ்வின் வானவர்கள், வரமாட்டார்கள் என்பார் மாமியார். எனக்கு மிஞ்சியது ஜவான் மட்டும்தான்.

ஜவான் என்பது சாத்தூர்க் கம்பெனி ஒன்று போட்ட பிளாஸ்டிக் பட்டாளத்துப் பொம்மை. தீபாவளி சீசனில் கேப் துப்பாக்கியோடு ஒரே அட்டையில் வரும். எழுபதுகளில் வந்த முதல் ஜவானுக்கு முகமே இல்லை. தொப்பிக்குக் கீழே ஒரு மொழுக்கு. அவனுக்கு மீசையும் முறைப்பும் வேண்டும் என்று முதலாளி சீனிவாசகம் பிறகொரு சீசனில் கேட்டார். அச்சு வெட்டும் கருப்பணன் சுற்றிலும் பார்த்தான். கேப் லோடு இறக்க வந்த சாபிர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தையே அச்சில் வெட்டிவிட்டான்.

"ஏலே சாபிரு, பட்டாளத்துக்குப் போகாமலே ஜவான் ஆயிட்டியே, பென்சன் உண்டுமாலே?" என்று கம்பெனியே சிரித்ததாம்.

அவர் போன பிறகு அங்கேயே எனக்கு வேலை கொடுத்தார்கள். ஜவானுக்குக் கண் வைக்கிற வேலை. மெல்லிய தூரிகையால் கறுப்புப் புள்ளி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. என் கையில் கண் திறந்தவர்கள் அட்டையேறி ஊர் ஊராகப் போனார்கள். ஒருவனை மட்டும் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருப்பேன். புதியவன் வந்தால் பழையவனைத் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். இரண்டு உருவங்களை ஒளித்து வைக்க மனம் துணியவில்லை.

முதலாளி புது அச்சுக்குச் செலவு செய்யமாட்டார். இருக்கிற இரும்பையே மேலும் குடையச் சொல்வார். குடைந்த இடமெல்லாம் பொம்மையில் சதையாக வரும். அதனால் ஜவான் இளைத்ததே இல்லை. முதுகில் பை ஏறியது, இடுப்பில் குண்டு ஏறியது. கார்கில் சண்டைக்குப் பிறகு பனிக்கோட்டும் காதை மூடும் தொப்பியும் வந்தன. இருந்திருந்தால் அவரும் இப்படித்தான் பருத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்து ஆறில், டிவியில் வரும் கமாண்டோ மாதிரி வேண்டும் என்று ஆர்டர் வந்தது. வாய்க்கு முகமூடி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. மறுபடியும் அந்த முகத்தை மூடப்போகிறார்கள். தூரிகையைப் போட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன்.

"வாங்க மதினி, சாப்பிட்டீகளா?" என்றான் கருப்பணன். அச்சு அவன் முன்னால் திறந்து கிடந்தது. இன்னும் தொடவில்லை.

"குடையறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பொம்மை அடிச்சுக் குடு தம்பி. சாயம் வேண்டாம். அவுக முகம் இருந்தாப் போதும்."

அவன் உளியைக் கீழே வைத்தான்.

"அவுக முகம் கார்கிலோட போயிருச்சே மதினி. தொப்பி இறக்கும்போது கன்னம், தாடை அம்புட்டையும் சேத்துக் குடைஞ்சிட்டேன். இது நானா நெனச்சு வெட்டுன முகம். நீங்கதான கண்ணு வைக்கீக, தெரிஞ்சிருக்கும்னுல்ல இருந்தேன்."

"இடது கன்னத்துல அந்தக் குழி?"

"அங்கன இரும்பு கெட்டி, உளி ஏறல. விட்டுட்டேன், குழியா விழுந்திருச்சு. அவுகளுக்கு ஏது குழி?"

என் முகத்தைப் பார்த்தவன், நான் மறுபடி கேட்காமலே ஒன்று அடித்துக் கொடுத்தான். உள்ளங்கையில் சூடாக இருந்தது.

நிக்காஹ் முடிந்த மறுநாள் காலை, சாபிரின் கன்னக்குழியில் விரல் வைத்து, "இங்கன யாரு தோண்டுனது?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்தபோது குழி இன்னும் ஆழமானது. இப்போதும் எனக்கு அது அப்படித்தான் நினைவிருக்கிறது.

கருப்பணன் கொடுத்தது பெட்டியில் இருக்கிறது. அதற்கு மட்டும் நான் கண் வைக்கவில்லை.