முழுச் சுமையில் நான்கு மணி நேரம்

அக்டோபர் 14, சனி.

முதலில் தவறு. அக்காவுக்கு நான் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்த கணினியின் பக்கவாட்டில் ஒட்டிய சோதனைத் தாளில் 'முழுச் சுமை: நான்கு மணி நேரம். தேறியது' என்று இருக்கிறது. உண்மையில் முழுத் திறனில் உழைக்கவிட்டு ஓட்டியது நாற்பது நிமிடம். பொய் எழுத வேண்டும் என்று எழுதவில்லை. கட்டம் போட்டு, எழுத வேண்டியதையும் முன்கூட்டியே எழுதிவைத்தால்தான் எனக்கு எந்த வேலையும் ஓடும். அன்றும் அப்படித்தான். மருந்துக்கடையில் பகல் முழுக்க நின்ற கால் நாற்பதாவது நிமிடத்தில் கெஞ்சியது. விசிறிகள் சீராகச் சுற்றின. போதும் என்று அணைத்தேன். எழுதியதைத் திருத்த மறந்துவிட்டேன். மறந்தேனா என்பது இப்போது எனக்கே சந்தேகம்.

அக்கா வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கட்டட வரைபடத்தைக் கொடுத்தால், கட்டி முடித்த வீடு எப்படி இருக்கும் என்று படமாக்கித் தருவாள். ஓர் அலுவலகம் மூன்று தவணை வேலை கொடுத்து அவளைச் சோதித்துப் பார்க்கிறது. மூன்றும் நேரத்துக்குப் போனால் நிரந்தரம். இரண்டு போய்விட்டது. கடைசி, திங்கள் மதியத்துக்குள் போக வேண்டும். பழைய கணினி படுத்துவிட்டதால்தான், மாலை வகுப்பில் கணினி பூட்டவும் பழுதுபார்க்கவும் படிக்கும் என்னிடம் வந்தாள். மூன்று வாரம் பாகங்களைத் தேர்ந்தெடுத்தேன். நோட்டில் பதினோரு பக்கம். எந்தப் பொருளுக்கும் பாராட்டைப் படிக்காமல் புகாரை மட்டும் படித்தேன். பிராசசருக்கு நான்கு பக்கம், மதர்போர்டுக்கு மூன்று, மெமரிக்கு இரண்டு. எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைக்கு வரும்போது களைத்துப் போயிருந்தேன். அதற்கு அரைப் பக்கம். கடைக்காரர் எடுத்து வைத்ததில் வாட் எண் பெரிதாக அச்சிட்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன், லேசாக இருந்தது. பேருந்தில் கொண்டுபோக வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று மருந்துக்கடையில் அரை நாள். மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். மேசையில், விசைப்பலகைக்குப் பக்கத்தில், முட்டை வேகவைக்க வைக்கும் டைமர் இருந்தது. அது அடித்ததும் அக்கா திரும்பியே பார்க்காமல் வேலையைச் சேமித்துவிட்டு மறுபடி திருகி வைத்தாள். மூன்று நிமிடத்தில் மறுபடி அடித்தது. எதற்கு என்று கேட்டேன். சும்மா, பழக்கம் என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, படம் பாதி உருவாகியிருந்த நிலையில் திரை கறுத்தது. பெட்டி தானாக அணைந்து, தானாக எழுந்தது. அக்கா பதறவில்லை. ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அவள் பதறியிருந்தால் எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

"எத்தன நாளா இப்படி?"

"வந்த ரெண்டாம் நாள்லேருந்து."

"ஏன்க்கா சொல்லல?"

"நாலு மணி நேரம் ஓட்டிப் பாத்தேன்னு நீதானே எழுதி ஒட்டியிருக்க. அப்ப தப்பு என் கையிலதான்னு நெனச்சேன்டி."

பன்னிரண்டு நாள். கணினிக்குச் சுமை குறையட்டும் என்று பாட்டுக் கேட்பதை நிறுத்தியிருக்கிறாள். பிளக்கை மாற்றிச் செருகியிருக்கிறாள். படத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டியிருக்கிறாள். இனிமேல் மெஷின் கோளாறே வராது, என் தங்கச்சி செஞ்சது என்று அலுவலகத்தில் வேறு சொல்லி வைத்திருக்கிறாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்தேன்.

வகுப்பில் சாரிடம் நடந்ததைச் சொன்னேன், தாளைத் தவிர. பவர் சப்ளை எது என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"தூக்கிப் பாத்தியா?"

"பாத்தேன் சார். லேசா இருந்துச்சு."

"சந்தோஷப்பட்டியாக்கும்."

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. உள்ளே செம்பும் இரும்பும் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருக்கிறது, முதல் ஒரு மணி நேரம் தாங்கும், சூடேறினால் கைவிட்டுவிடும் என்றார். திங்கள்வரை இப்படியே தள்ளலாமா என்று கேட்டேன். ஒவ்வொரு முறை அணையும்போதும் டிஸ்க்குக்கு அடி, அது போனால் சேமித்ததும் சேர்ந்து போகும் என்று சொல்லிக்கொண்டே வகுப்புக் கணினியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். நாளை ஞாயிறு, புதிது வாங்கக் கடை திறந்திருக்காது. எதை வாங்கினாலும் முதலில் எத்தனை வருடம் வாரண்டி என்று கேட்பதால் நாங்கள் 'வாரண்டி' என்றே கூப்பிடும் பையன் எட்டிப் பார்த்தான்.

"சார், இதுக்கு எத்தன வருஷம்?"

"எட்டு வருஷமா ஓடுது. உன்னவிட ஒழுங்கா வகுப்புக்கு வருது."

கழற்றிய பவர் சப்ளையை என் கையில் வைத்தார். கனத்தில் கை இறங்கியது.

பேருந்து நிறுத்தத்தில் நின்று அக்காவை அழைத்தேன். பவர் சப்ளையைப் பற்றி முதலில் சொன்னேன். பிறகு, பேருந்து வந்து, நான் ஏறாமல், அது போன பிறகு சொன்னேன்.

"அக்கா, நாலு மணி நேரம் ஓட்டல. நாப்பது நிமிஷம்தான்."

அந்தப் பக்கம் டைமர் அடித்தது. அக்கா விசையைத் தட்டிச் சேமிக்கும் சத்தம் கேட்டது. திரும்பத் திருகும் சத்தம் கேட்கவில்லை.

"அப்ப நான் ஒண்ணும் தப்பு பண்ணலையா?" என்றாள்.

இல்லை என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாளை மாற்றிய பிறகு நான்கு மணி நேரம் பெட்டியைத் தொடாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும், பாதி நாள் போய்விடும் என்றேன். திங்கள் மதியத்திலிருந்து பின்னோக்கி மணிகளை முணுமுணுத்து எண்ணினாள்.

"நாலு மணி நேரம் நான் தூங்கிக்கறேன்" என்றாள். "முடிஞ்சதும் எழுப்பு. அதுக்கு முன்னாடி எழுப்பின, கொன்னுடுவேன்."

பவர் சப்ளை இப்போது என் மேசையில் இருக்கிறது. பாகங்களைக் குறித்த நோட்டின் மேல் வைத்தால், அதன் கனத்தில் நோட்டு திறந்துகொள்ளாமல் மூடியே இருக்கிறது.

நாளை: காலை எட்டு மணிக்கு அக்கா வீடு. பழைய தாளைக் கிழிக்க வேண்டும். பவர் சப்ளையை மாற்ற வேண்டும். முழுச் சுமையில் நான்கு மணி நேரம், பக்கத்தில் உட்கார்ந்து. அக்காவின் டைமர் ஒரு மணி நேரம்தான் ஓடும், நான்கு முறை திருக வேண்டும். அடிக்கும் முன்பே கையால் நிறுத்த வேண்டும், அவள் தூங்குவாள். புதிய தாளில் கட்டம் மட்டும் போட்டிருக்கிறேன்.