நகல் முதலில் நடக்கும்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை வட்டக்கச்சியில் ஒரு சாப்பாட்டு மேசையிலிருந்து களவெடுத்தேன். நிதர்சனாவும் அவள் கணவன் குகதாசனும் ஞாயிறு மத்தியானங்களில் அங்கே மந்திரச் சீட்டு விளையாடுவார்கள்; அதில் ஒவ்வொரு சீட்டும் ஒரு மந்திரம். நான் பக்கத்துக் கதிரையில் அரைத் தூக்கத்தில் கிடப்பேன்.

(முதலில் 'வாய்க்காலில் தண்ணீர் திறந்த அன்று' என்று தொடங்கினேன். அந்த வாக்கியம் வயலுக்குள் இறங்கிக் காணாமல் போய்விட்டது.)

2

நிதர்சனா நாயாற்றுக் கடற்றொழில் குடும்பம். வேதக்காரப் பிள்ளை சைவப் பெடியனைக் கட்டியதால் தகப்பன் ஸ்ரனிஸ்லஸ் மூன்று வருடமாகக் கதைப்பதில்லை. ஞாயிறில் அவர் கடலுக்குப் போகமாட்டார், தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டில்தான் இருப்பார். அவளும் ஞாயிறுதோறும் போனை எடுப்பாள், வைப்பாள். அவள் குரல் கேட்டதும் அவர் வெட்டிவிட்டால் பிறகு நம்பியிருக்க ஒன்றுமில்லை என்ற பயம்.

3

அன்று அவள் இடிச் சீட்டைப் போட்டு, இன்னொரு சீட்டால் அதை நகலெடுத்தாள். அப்படி உண்டாகும் நகலைக் காட்டத் தனிச் சீட்டு கிடையாது. அதனால் இடிக்கு மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தாள். குகதாசன் சிரித்துக்கொண்டே தடைச் சீட்டை இறக்கினான்.

"இடி போச்சு. நகலும் போச்சு."

"அதெப்பிடிப் போகும்? அண்ணை, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். மேலே கிடப்பது கீழே கிடப்பதற்கு முந்தி நடக்கும் என்பது விதி. நகல் மூலத்துக்கு மேலே இருப்பதால் அதுதான் முதலில் நடக்கும். மூலத்தைத் தடுத்தாலும் நகல் நிற்கும்.

"மறிச்சாலும் நிக்குமோ?"

"ஓம், தங்கச்சி."

அவள் கைச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப என்னையும் ஒருக்கா நகலெடுத்து எழுதுங்கோ, அண்ணை. கதையிலை நான் அப்பாவோடை கதைக்கட்டும்."

4

எழுதினேன். கதையின் நிதர்சனா போனைக் காதில் வைத்தபடி நாயாற்றுக் கடல்நீரேரியின் மேல் நடக்கிறாள். கால் நனையவில்லை. (மூன்று தரம் வெட்டித் திருப்பி எழுதினேன். மூன்று தரமும் தண்ணீருக்கே போய் நின்றாள்.) அக்கரையிலிருந்து ஸ்ரனிஸ்லஸ், "சாப்பிட்டியே பிள்ளை?" என்கிறார். எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது.

குகதாசன் வாசித்துவிட்டு, "மாமா இப்பிடிச் சொல்லமாட்டார்" என்றான். யாரும் எடுக்காமல் போன் மணி அடித்து ஓய்வதாக இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். கிழித்தேன்.

5

நிதர்சனா முதல் முடிவை இரண்டு தரம் வாசித்தாள்.

"இதிலை நடந்திட்டுதெல்லோ. இனி என்ன வந்தாலும் வரட்டும்."

போனை எடுத்தாள். இந்த முறை வைக்கவில்லை. மணி போகிறது. ஐந்தாவது மணியில் யாரோ எடுக்கிறார்கள். "அப்பா, நான்" என்கிறாள். மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்கிறது.

வாசகரே, அவர் சொல்லப்போகும் முதல் சொல் என் கையில் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். கெதியாகச் சொல்லுங்கள், அவள் காத்துக்கொண்டு நிற்கிறாள்.