மருந்துப் புட்டி எந்தக் கையில் இருந்தது

வினிஃப்ரட் பாஸ்க்குக்குப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. ஒரே காட்சியை இன்று பாதி, நாளை பாதி என்று படம் பிடிப்பார்கள். கோப்பை எந்தக் கையில் இருந்தது, சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது, கோட்டில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது என்று அவள் நோட்டில் குறித்துவைக்க வேண்டும். ஸ்டுடியோவில் அதற்குக் கண்டினியூட்டி என்று பெயர். பதினெட்டு வருஷமாக அவள் நோட்டில் ஒரு பிழையை யாரும் காட்டியதில்லை. நாற்பத்தைந்து வயது, தனி ஆள், வாடகை அறை. பெருமைப்பட்டுக்கொள்ள அவளிடம் இருந்தது அந்த நோட்டு ஒன்றுதான்.

அறுபத்தொன்றாம் வருஷக் குளிர்காலத்தில், லண்டனுக்கு வெளியே ஒரு ஸ்டுடியோவில், டைரக்டர் லயனல் ஸ்ட்ரேக் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பணக்காரக் கிழவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஒரு நர்ஸின் கதை. கிழவர் விஷத்தில் சாகிறார். விஷம் வைத்தவன் அவருடைய மகன். ஆனால் அவன் பேசிப் பேசியே, தான்தான் கொடுத்துவிட்டோமோ என்று அந்த நர்ஸை நம்பவைத்துவிடுகிறான்.

நர்ஸாக நடித்தவள் டோரீன் ஹால்ஸால். வடக்கே ஓல்டம் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. அப்பா அம்மா இருவரும் நூல் மில்லில் வேலை பார்த்தவர்கள். மதியச் சாப்பாட்டை லைட் போடுகிறவர்களோடு பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிடுவாள். வாய் நிறைய ரொட்டியோடு சிரிப்பாள். முதல் வாரம் எடுத்ததைத் திரையில் போட்டுப் பார்த்தபோது அந்தச் சிரிப்புதான் எல்லாக் காட்சியிலும் எங்கோ ஒளிந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஸ்ட்ரேக் வினிஃப்ரட்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வின்னி, அந்தப் பொண்ணு பயப்படல. பயந்த மாதிரி நடிக்கிறா. ரெண்டும் வேறன்னு சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"புதுசுதானே சார். கொஞ்ச நாள் போகட்டும்."

"நாள் எங்க இருக்கு? நீ ஒண்ணு பண்ணு. டேக்குக்கு முன்னாடி மருந்துப் புட்டி வலது கைலன்னு அவகிட்டச் சொல்லு. எடுத்து முடிச்சதும், வலதுன்னு நான் எங்க சொன்னேன், இடதுன்னுதானே சொன்னேன்னு கேளு. அந்த டேக்க நான் தூக்கிப் போட்டுடறேன். அதுக்கு அடுத்த டேக்தான் எனக்கு வேணும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"இந்த ஸ்டுடியோல நான் சொன்னா எதிர்த்துப் பேசுவாங்க. உன் நோட்டு சொன்னா ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான். அதனாலதான் உன்னக் கேக்கறேன்."

கடைசியில் சொன்னது அவளுக்கு இனித்தது. அப்படி இனித்தது என்பதைப் பிற்பாடு அவளால் மறக்கவே முடியவில்லை.

அன்று பிற்பகலே செய்தாள். டோரீன் திகைத்துப்போய் நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க மிஸ் பாஸ்க். வலதுன்னு சொன்னதா ஞாபகம்."

"இல்லையே கண்ணு."

டோரீன் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஸ்ட்ரேக் அவசரமாகக் கேமராவை ஓட்டச் சொன்னார். அந்த டேக் பிரமாதமாக வந்தது.

மேலே பலகையில் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஆல்ஃப் தேநீர் நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீங்க வலதுன்னுதான் சொன்னீங்க. என் காதுல விழுந்துச்சு."

"நீ உன் விளக்கப் பாரு, ஆல்ஃப்."

"விளக்கத்தான் பாத்துட்டிருந்தேன் மகாராணி. கீழ நடக்கறதும் தெரியுதே, என்ன செய்ய?"

ஆனால் அவனும் வெளியே சொல்லவில்லை. ஸ்ட்ரேக்கைப் பகைத்துக்கொண்டால் அடுத்த படத்தில் வேலை கிடையாது.

வாரம் இரண்டு மூன்று தடவை என்று ஆரம்பித்தது, தினம் ஒரு தடவை என்று ஆனது. செருப்பு, சாவி, வசனத்தில் ஒரு சொல். எடிட்டருக்குப் போக வேண்டிய நோட்டில் வினிஃப்ரட் உண்மையைத்தான் எழுதினாள். பொய் வாயோடு நின்றது. மூன்றாவது வாரம் டோரீன் உள்ளங்கையில் மையால் எழுதிவைத்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிடுவதும் நின்றுபோயிற்று.

ஒரு நாள் மேக்கப் அறையில் அவள் வினிஃப்ரட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன் மிஸ் பாஸ்க். எங்க சித்தி ஒருத்தி இருந்தா, ஆடா. அடுப்ப அணைச்சேனா, கதவப் பூட்டினேனான்னு கேட்டுக்கிட்டே இருப்பா. கடைசில ஆஸ்பத்திரில கொண்டுபோய் விட்டாங்க. திரும்பி வரவே இல்ல. எனக்கும் அதுதானோ?"

வினிஃப்ரட் அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு நேரே ஸ்ட்ரேக்கிடம் போனாள்.

"இதோட நிறுத்திடலாம் சார். அவங்க சித்திக்குப் புத்தி கலங்கிப்போச்சாம். இந்தப் பொண்ணு அதையே நினைச்சு நடுங்குது."

ஸ்ட்ரேக் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "பாவம்," என்றார். "சித்தி பேரு என்ன?"

"ஆடா."

"நிறுத்திடலாம் வின்னி. இன்னியோட சரி."

மறுநாள் காலை, கிழவரின் மகனாக நடித்தவருக்கு ஒரு புது வசனம் கொடுக்கப்பட்டது. யாரிடமும் காட்ட வேண்டாம் என்று உத்தரவு. வினிஃப்ரட் கையில் இருந்த தாளில் அது இல்லை. கேமரா ஓடியது. அவர் டோரீனின் முகத்தருகே குனிந்து மெல்லச் சொன்னார்:

"உங்க சித்தி ஆடாவும் இப்படித்தானே ஆரம்பிச்சா?"

டோரீன் கத்தவில்லை. முகத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏதோ வெளியேறுவதுபோல் இருந்தது. பிறகு அவள் தலை மெதுவாகத் திரும்பி, கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வினிஃப்ரட்டைப் பார்த்தது. ஸ்ட்ரேக் நிறுத்தச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. சொன்னதும் நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

வினிஃப்ரட் நோட்டைத் தூக்கிக்கொண்டு டோரீனின் அறைக்கு ஓடினாள். பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். தேதி, டேக் எண், ஒட்டிவைத்த புகைப்படங்கள்.

"பாரு கண்ணு, நீ ஒரு தடவைகூடத் தப்புப் பண்ணல. எல்லாம் நான் சொன்ன பொய். அவர் கேட்டார், நான் சொன்னேன். உனக்கு ஒண்ணுமே இல்ல."

டோரீன் பொறுமையாகப் பார்த்தாள். விரலால் ஒரு படத்தைத் தடவினாள். பிறகு வினிஃப்ரட்டின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீங்க ரொம்ப நல்லவங்க. எனக்காக ராத்திரி பூரா உக்காந்து எழுதினீங்களா?"

"சத்தியமா இல்ல டோரீன். இதுதான் நிஜ நோட்டு."

"சரி," என்றாள் டோரீன். குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. "சித்திக்கும் நாங்க இப்படித்தான் சொல்லுவோம்."

மீதிப் படத்தை டோரீன் மற்றவர்கள் சொன்னபடி செய்து முடித்தாள். எங்கே நிற்கச் சொன்னாலும் நின்றாள். கடைசி நாள் முடிந்ததும் ஓல்டம் போனவள் திரும்பவில்லை. வசந்தத்தில் படம் வந்தது. பத்திரிகைகள் டோரீனின் முகத்தை அருகில் காட்டிய அந்த ஒரு காட்சியைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதின. ஸ்ட்ரேக் அடுத்த படத்துக்கு வினிஃப்ரட்டைக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. வக்கீல் ஆபீஸ் ஒன்றில் டைப் அடிக்கப் போனாள். சினிமாத் தொழிலாளர் சங்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதினாள். அடிதடி நடந்ததா, சம்பளப் பாக்கி உண்டா என்று கேட்டுப் பதில் வந்தது. இரண்டும் இல்லை.

டோரீனுக்கு எழுதிய நாலு கடிதத்துக்கும் பதில் இல்லாமல், ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை வினிஃப்ரட்டே ரயிலேறி ஓல்டம் போனாள். டோரீனின் அக்கா எட்னா கதவைத் திறந்தாள். மாவு படிந்த கை, தூக்கமில்லாத கண்.

"அந்த நோட்டுக்காரி நீங்கதானா?"

"ஆமா. அவளப் பாத்து மன்னிப்புக் கேக்கணும்."

"கடுதாசி எல்லாம் நான் படிச்சேன். நான் நம்பறேன். அவ நம்பல. நீங்க எழுத எழுத, அவளுக்காக நாம எல்லாரும் சேர்ந்து நாடகம் ஆடறோம்னு நினைச்சுக்கிறா. உக்காந்து ஒரு டீ குடிங்க. அந்தப் பேச்சு மட்டும் எடுக்காதீங்க."

டோரீன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். மிஸ் பாஸ்க் வந்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஸ்டுடியோவில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டாள். ஆல்ஃபுக்கு முதுகுவலி தேவலையா என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கன்னத்தில் நீர் வழிய ஆரம்பித்தது. அவள் குரல் மாறவே இல்லை.

திடீரென்று பேச்சை நிறுத்தி, "மிஸ் பாஸ்க், நான் இப்ப அழுறேனா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு. அழுற."

டோரீன் அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள். அடுப்பருகே நின்ற எட்னா தலையாட்டிய பிறகுதான் கைக்குட்டையை எடுத்தாள்.