தீனா ரூட் பண்ணின போன்

தீனாவுக்குத் தன் போன் மேல் இருந்த கோபம் நியாயமானதுதான். வாங்கும்போதே கம்பெனிக்காரன் உள்ளே குடிவைத்த ஆப்கள், வாடகையும் தராமல் காலியும் பண்ணாத ஆட்களைப் போல உட்கார்ந்திருந்தன. ஜோசியத்துக்கு ஒன்று, சீட்டாட்டத்துக்கு ஒன்று. அழிக்க வழியே இல்லை. இடம் நிரம்பி, வாட்ஸ்அப்பைத் தொட்டாலே போன் திணறியது.

அவன் அனுப்ப நினைத்தது ஒரே ஒரு சத்தம்தான். ஆரணி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, அவன் மனைவி தேவிப்ரியாவின் வயிற்றில் கருவியை வைத்தபோது, அவன் போனில் பதிவு செய்த குழந்தையின் இதயத் துடிப்பு. போன தடவை அவள் உண்டாகியிருந்தபோது அதே கட்டிலில் அந்தச் சத்தம் வரவில்லை. டாக்டரம்மா கருவியை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்துவிட்டு, துடைத்து வைத்தார். அதன்பிறகு முள்ளிப்பட்டில் அவர்கள் வீட்டில் ரொம்ப நாள் தறி ஓடவில்லை. இந்த முறை தீனா தினமும் காலையில் அந்தத் துடிப்பைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் தறிக்குழியில் கால் வைத்தான்.

வளைகாப்பு முடிந்து தேவிப்ரியா தெள்ளாரில் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து போனில் ஒரே பாட்டு.

"ஏங்க, அந்தச் சத்தத்த அனுப்புங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? பாப்பா கொஞ்ச நேரம் அசையலன்னா பயமா கீதுங்க."

அவனும் அனுப்பிப் பார்த்தான். வட்டம் சுற்றும், நிற்கும், போன் அணைந்துவிடும். கம்பெனிக்காரன் போட்ட பூட்டைத் திறந்து 'ரூட்' பண்ணினால் எந்த ஆப்பையும் தூக்கி எறியலாம் என்று வீடியோ ஒன்றில் பார்த்ததும், ஆரணியில் செல்போன் கடை வைத்திருக்கும் சுதாகரிடம் ஓடினான். சுதாகர் அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"வேணாம் மச்சான். பேங்க் ஆப் மக்கர் பண்ணும். கண்ட வைரசும் உள்ள பூந்தா தடுக்க ஆளில்ல. பாதியில நின்னுச்சுன்னா போனே எதுக்கும் ஆகாத செங்கல்லாயிடும்."

"பரவால்ல. பண்ணு."

"லாக்கைத் தொறந்தாலே உள்ள கீறது அத்தினியும் அழிஞ்சிடும்டா. முக்கியமா இன்னா வச்சிகினு இருக்க? சொல்லு, கேபிள் போட்டு எடுத்துத் தரேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவை ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டதில்தான் கண் பட்டுவிட்டது என்று தேவிப்ரியா நம்பினாள். பிறக்கும்வரை வெளியாட்களிடம் மூச்சு விடக்கூடாது என்று அவனிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். வளைகாப்பைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடத்தினார்கள்.

"எல்லாம் எடுத்துட்டேன்" என்றான் தீனா.

பொய்தான். ஆனாலும் அவனுக்குள் ஒரு நெசவுக்காரன் கணக்கு இருந்தது. புடவையை அறுத்து எடுத்தாலும் பழைய பாவு நூல்களின் நுனி தறியிலேயே நிற்கும். புதுப் பாவு நூல்களை அதோடு இழை இழையாகப் பிணைத்துக்கொள்வார்கள். தறியில் எதுவும் அடியோடு போவதில்லை. போனும் அப்படித்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனாகவே நம்பிக்கொண்டான், அசட்டுப் பிள்ளை.

சுதாகர் லாக்கைத் திறந்தான். போன் அணைந்து, எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று புதிதாய்க் கேட்டது. தீனா பிடுங்கிப் பார்த்தான். போட்டோ இல்லை, பதிவு இல்லை. ஜோசிய ஆப் மட்டும் சௌக்கியமாக இருந்தது.

"இன்னாடா? எடுத்து வச்ச காப்பி கீதில்ல?"

தீனா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தான். சுதாகர் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழவில்லை.

இதைப் போனில் எப்படிச் சொல்வது? வந்தவாசி பஸ் ஏறினான். அங்கே இறங்கித் தெள்ளார் பஸ். அந்தச் சத்தம் போனது வேறு எதற்கோ முன்னறிவிப்பு என்று அவன் மனசு சொல்லிக்கொண்டே வந்தது.

வாசலுக்கு வந்த தேவிப்ரியா திகைத்தாள். "சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க?"

கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் கண்கள் நிரம்பின.

"சுதாகர் அண்ணன்கிட்டகூடவா சொல்லல?"

"நீதான வாயத் தொறக்கக் கூடாதுன்ன."

"நாந்தான் சொன்னேன்" என்று மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் அவன் தலையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டாள். "கேளுங்க."

காதை அழுத்தி வைத்தான். "ஒண்ணும் கேக்கலியே, தேவி."

"கொஞ்சம் இருங்க. எதுக்கும் ஜல்திதானா உங்களுக்கு?"

அப்போது சரியாக அவன் காதிலேயே ஓர் உதை விழுந்தது. தீனா பதறித் தலையைத் தூக்கினான். பிறகு அவள் மடியிலேயே முகம் புதைத்து ஓவென்று அழுதான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளே தன் போனில் சுதாகரைக் கூப்பிட்டு, அவன் கையில் கொடுத்தாள். "சொல்லுங்க. படற கண்ணு படட்டும்."

"மச்சான்" என்றான் தீனா. "எங்களுக்குக் கொழந்த பொறக்கப் போவுதுடா. அழிஞ்சது அதோட சத்தம்."



"பாவி" என்றான் சுதாகர். அவன் குரல் உடைந்திருந்தது. "என்கிட்ட சொல்லக் கூடாதாடா?"