வால்வு மேலே இருக்கட்டும்

அப்பாவை உள்ளே குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் ஷெட்டில் டிராக்டரின் பின்சக்கரத்துக்குக் காற்றுப் பார்க்க வந்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்த வண்டிதான் அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். டீசல் ஊற்றியாயிற்று. காலையில் வெல்டர் மாமா வண்டியை நகர்த்தி ட்ரெய்லரையும் மாட்டிவிட்டார். காற்று மட்டும் பாக்கி.

பின்சக்கரக் காற்றை அப்பா யாரிடமும் விட்டதில்லை. வண்டியை முன்னே பின்னே உருட்டி, வால்வு மேலே வந்த பிறகுதான் மூடியைத் தொடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "பெரிய விஞ்ஞானி வந்துட்டா, போய் சோத்தை வடி" என்றார். அவள் சோற்றை வடித்தாள். கேள்வி மட்டும் வடியவில்லை.

"ஏய், ஐம்பது வந்திருக்கான் பாரு" என்று வாசலிலிருந்து வெல்டர் மாமா கிசுகிசுத்தார்.

ஐம்பது என்பது சித்தப்பா. ஒன்பது வருடங்களுக்கு முன் ஐம்பது குதிரைத்திறனில் புது டிராக்டர் வாங்கி, அண்ணனின் முப்பத்தைந்தை ஊரே பார்க்கக் கேலி பேசினார். இரண்டு வண்டிகளையும் முதுகுக்கு முதுகு சங்கிலியால் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். அப்பாவின் கிழட்டு வண்டி புது வண்டியை வரப்பு வரைக்கும் இழுத்துப் போட்டது. "அவனுக்கு மிதிக்கத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது" என்றார் அப்பா. ஊர் அதையே பிடித்துக்கொண்டு பட்டமும் கட்டிவிட்டது. சித்தப்பா அன்று போனவர்தான், இன்றைக்குத்தான் வருகிறார்.

வீட்டுக்குள் போகாமல் நேராக ஷெட்டுக்கு வந்தார். அவளைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார்.

"இதேதானா?"

"இதேதான் சித்தப்பா. எஞ்சினைக்கூடப் பிரிக்கலை."

"நீதான் அந்தக் கையேடெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பியாமே. சொல்லு, எப்படி இழுத்துச்சு?"

இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

"முறுக்கு விசை வேற, எச்பி வேற சித்தப்பா. இறுகின நட்டை ஸ்பேனர் போட்டு அசைக்கிறோமே, அது முறுக்கு. ஒரு மணி நேரத்துல எத்தனை நட்டு கழட்டுறோம்கிறது எச்பி. அசையாததை அசைக்க முறுக்குதான் வேணும்."

"என் வண்டிக்கு முறுக்கும் அதிகம்தான். பேப்பர்லயே போட்டிருக்கான்."

"நிமிஷத்துக்கு எத்தனை சுத்துல? டீசல் எஞ்சினுக்கு நிதானத்துலதான் முறுக்கு ஜாஸ்தி. அப்பா ஆயிரத்து நானூறுல வெச்சு இழுத்தார். நீங்க ரெண்டாயிரத்துக்கு மேல மிதிச்சீங்க, முறுக்கு குறைஞ்சு..."

"நான் மிதிக்கலைம்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"நானும் ஆயிரத்து நானூறுலதான் வெச்சிருந்தேன். எஞ்சின் திணறவே இல்லை. சக்கரம்தான் நின்ன இடத்துலயே சுத்துச்சு. ஒம்போது வருஷமா இதைத்தான் சொல்றேன். எவன் கேட்டான்?"

அவர் குரலில் கோபம்கூட இல்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். அவள் பதில் தேடியபடியே குந்தி, வால்வு மூடியைக் கழற்றினாள். வெல்டர் மாமா நகர்த்தி விட்டதில் வால்வு கீழே, தரையோரம் இருந்தது. காற்றுமானியை வைத்து அழுத்தினாள்.

புஸ்ஸென்று காற்று வரவில்லை. தண்ணீர் பீய்ச்சியடித்தது.

அவள் கையை எடுத்தாள். நின்றது. மறுபடி அழுத்தினாள். துருவாடை அடிக்கும் பழைய தண்ணீர். வால்வு மேலே இருந்தால் காற்றுதான் வரும், கீழே இருந்தால்தான் குட்டு வெளிப்படும். கையேட்டின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது: பின்டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் வண்டி கனக்கும். இரண்டு டயருக்கும் சேர்த்து முந்நூறு கிலோ.

எஞ்சின் எவ்வளவு முறுக்கினால் என்ன, சக்கரம் மண்ணைக் கவ்வ வேண்டாமா?

உள்ளே அம்மாவின் அழுகை ஏறி இறங்கியது. மூடியைத் திருகிவிட்டால் அப்பா வென்றவராகவே போய்ச் சேருவார். சித்தப்பா ஐம்பதாகவே வீடு திரும்புவார். மூடி அவள் உள்ளங்கையில் ஒரு கடலையளவுதான் இருந்தது.

"சித்தப்பா, இங்க வாங்க. கையை வைங்க."

அவர் குனிந்தார். அவள் அழுத்தினாள். தண்ணீர் அவருடைய விரல்களில் பாய்ந்து மணிக்கட்டு வழியே சட்டைக்குள் ஓடியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முதலில் டயரைப் பார்த்தார், பிறகு வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்தான் இருக்கும்."

"திருட்டுப்பய" என்றார், மெதுவாக. சிரிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் ஊத்தியிருப்பேன்ல?"

அவளிடமிருந்து மூடியை வாங்கி, தானே திருகி இறுக்கினார்.

வாசலில் கூட்டம் அசைந்தது. அப்பாவைத் தூக்கிவிட்டார்கள். வெல்டர் மாமா ஓடிவந்து, "யாரு ஓட்டுறது?" என்றார்.

சித்தப்பா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் இரண்டு முறை இருமிப் பிடித்துக்கொண்டது. மிதிக்காமல், கியரைப் போட்டு வண்டியை மெல்ல முன்னே உருட்டினார்.

"நல்லாத்தானே நின்னுச்சு ஐம்பது, எதுக்கு நகர்த்துற?" என்றார் வெல்டர் மாமா.

"சரியா நிக்கலை" என்றார் சித்தப்பா.

சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியது. ஈரம் காயாத வால்வு தரையோரத்திலிருந்து எழுந்து உச்சிக்கு வந்ததும் பிரேக்கைப் பிடித்தார்.

"ம், இப்ப ஏத்துங்க."